டீசல் ஆரு போடறது?

விண்வெளி வியூக விளையாட்டுகளின் டிரெய்லர்களை வரிசையாகப் பார்த்தால் எது எந்த ஆட்டம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஊதா நிற நெபுலா. அதன் முன்னால் மெல்லத் திரும்பும் போர்க்கப்பல். சத்தமில்லாமல் பிளக்கும் இன்னொரு கப்பலின் வயிறு. பின்னணியில் பெண்குரலில் ஒரு சோகப் பாட்டு. எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. இவற்றில் எதை வாங்குவது, எதற்குக் காத்திருப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க நான் ஒரே ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். தாய்க்கோளைவிட்டு வெகுதூரம் போய் நிற்கும் படைக்கு எரிபொருளும் குண்டும் சோறும் எப்படிப் போய்ச் சேருகின்றன? இதற்கு அந்த ஆட்டம் சொல்லும் பதில்தான் அதன் தரம். மற்றவற்றையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோவை சரவணம்பட்டியில் குடியிருப்பவனுக்கு இந்தக் கேள்வி தானாக வருகிறது. கீரணத்தம் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் இரவுப் பணி நடக்கிறது. சின்னவேடம்பட்டி, கணபதி பக்கம் லேத்துப் பட்டறைகளில் பகலெல்லாம் இரும்பு சீவப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே சத்தி ரோட்டில் லாரிகள் ஓய்வதேயில்லை. சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கர்நாடகத்துக்குள் போகிற சரக்கு இது. மென்பொருள் ஆட்கள் இரவில் கணினியில் விண்மீன் பேரரசுகளை ஆள்கிறார்கள். அறைக்கு வெளியே ஒரு பேரரசை உண்மையில் நடத்தக்கூடிய விஷயம் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.

இந்த ஆட்டவகைக்கு இன்றும் வழங்கும் இலக்கணத்தை 1993-இல் ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் எழுதினார். சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோபுரோஸ் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' பற்றி 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' இதழில் அவர் எழுதிய முன்னோட்டத்தில் நான்கு வினைகளைச் சொன்னார்: ஆராய், பரவு, சுரண்டு, அழி. முப்பது ஆண்டுகளாக இதே நான்கை வைத்துத்தான் எல்லாரும் ஆட்டம் செய்கிறார்கள், எல்லாரும் மதிப்பிடுகிறார்கள். ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த நான்கில் இல்லை. இத்தனைக்கும் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' ஆட்டத்துக்குள்ளேயே அதன் நிழல் இருந்தது. உங்கள் கப்பல் உங்கள் குடியேற்றங்களிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் போகாது. எரிபொருள் தொழில்நுட்பம் வளர வளரத்தான் அந்த வட்டம் விரியும். பக்கத்து நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. அந்த ஏக்கம்தான் ஆட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்துக்கு உயிர் கொடுத்தது.

அதைவிட அழுத்தமான உதாரணம் ரெலிக் உருவாக்கி 1999-இல் வந்த 'ஹோம்வேர்ல்ட்'. பாலைக்கோள் ஒன்றில் வாழும் மக்கள் தங்கள் பூர்விக உலகைத் தேடிப் போக ஒரு தாய்க்கப்பல் கட்டுகிறார்கள். சோதனைப் பயணம் முடிந்து திரும்பினால் அவர்களுடைய கோள் எரிந்துகொண்டிருக்கிறது. உறைநிலையில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆறு லட்சம் பேர்தான் மிச்சம். அதற்கப்புறம் அந்த இனத்துக்கு ஊரும் இல்லை, களஞ்சியமும் இல்லை. வழியில் கிடைக்கும் பாறையையும் தூசியையும் சேகரிப்புக் கப்பல்கள் அள்ளிக்கொண்டு வந்தால்தான் அடுத்த கப்பல். ஒரு கட்டத்தில் சேமித்தது அடுத்த கட்டத்துக்கும் கூடவே வரும், இழந்தது இழந்ததுதான். அந்த முதல் ஆட்டத்தில் சிறு போர்விமானங்களுக்கு எரிபொருள் அளவு உண்டு. தீர்ந்தால் தாய்க்கப்பலுக்கோ துணைக்கப்பலுக்கோ திரும்பி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். தாக்கப் போகும்போதே திரும்பும் வழியை யோசிக்க வேண்டியிருந்தது.

2003-இல் வந்த 'ஹோம்வேர்ல்ட் 2' அந்த எரிபொருளை எடுத்துவிட்டது. 2015-இல் புதுப்பித்து வெளியிட்டபோது பழைய ஆட்டத்திலிருந்தும் அது போனது. 2024 மே மாதம் வந்த 'ஹோம்வேர்ல்ட் 3'-இலும் திரும்பவில்லை. எடுத்ததற்குக் காரணம் எளிதில் புரியக்கூடியது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது விமானங்கள் எரிபொருள் தேடிப் பாதியில் திரும்பினால் ஆட்டக்காரருக்கு எரிச்சல் வரும். ஆனால் மூன்றாம் பாகத்தின் கதையைப் பலர் குறைசொன்னபோது எனக்கு அதைவிட இதுதான் உறுத்தியது. நாடற்று அலையும் ஓர் இனத்தின் விமானம் எப்போதும் நிறைந்த தொட்டியோடு பறக்கிறது என்றால் அந்த இனம் இழந்தது என்ன?

ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவரும் 'ஸ்டெல்லாரிஸ்' இதே பாதையில் இன்னும் தூரம் போயிருக்கிறது. 2018 டிசம்பரில் அதில் வணிகப் பாதைகள் வந்தன. எல்லைப்புற நிலையங்களிலிருந்து தலைநகருக்கு வரைபடத்தில் கோடுகள் ஓடும். காவல் இல்லாத கோட்டில் கொள்ளையர் முளைப்பார்கள். ரோந்து விட வேண்டும், இல்லையென்றால் வருமானம் ஒழுகும். 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பு இந்தக் கோடுகளை அழித்துவிட்டது. வணிகம் இப்போது கிடங்கில் சேரும் ஒரு வளம். வெளியே நிற்கும் படைகளுக்கான பராமரிப்பு அதிலிருந்து கழிந்துவிடும். கணக்கு நேர்மையானதுதான். தூரத்தில் படை வைத்தால் செலவு கூடும் என்ற உண்மையை எண் வடிவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கோட்டை எதிரி வெட்டலாம், எண்ணை வெட்ட முடியாது. கோட்டின் நடுவில் ஓர் ஊர் இருக்கும், எண்ணின் நடுவில் எதுவும் இருக்காது.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்த என் பெரியப்பா ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது நான் 'ஸ்டெல்லாரிஸ்' ஆடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். கறுப்புத் திரையில் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே என் கப்பற்படை. என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எதிரி நாட்டின் நடுவே போய் முற்றுகையிட்டிருக்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாஞ் செரி கண்ணு. அத்தன கப்பலுக்கும் டீசல் ஆரு போடறது?"

"அது தானா நெறஞ்சுக்குங்க பெரியப்பா" என்றேன்.

"தானா நெறையுதுன்னா அப்பறம் சண்ட எதுக்கு?" என்றார்.

அவருடைய தொழிலைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஒடிசா வரைக்கும் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டவை. ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியவை. ஒரு ரிக் தனியாகப் போகாது. பின்னால் சப்போர்ட் வண்டி ஒன்று வரும். ராடு, கேசிங் பைப், டீசல், தண்ணீர், உதிரி பிட், சுத்தியல், சமையல் சாமான், ஆட்கள் எல்லாம் அதில்தான். போர் போடுவது ரிக், ஆனால் எத்தனை அடி போடலாம் என்று முடிவுசெய்வது சப்போர்ட் வண்டியில் மிச்சமிருக்கும் ராடு. முன்பின் தெரியாத ஊரில் கம்ப்ரசர் நின்றுவிட்டால் உதிரிபாகம் திருச்செங்கோட்டிலிருந்து வரும்வரை ஆட்களுக்குச் சோறு போட வேண்டும். ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த விவசாயி வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். மழைக்காலம் தொடங்கினால் வண்டி ஊர் திரும்பும். எந்த வியூக ஆட்டத்தின் கையேட்டிலும் இல்லாத பாடம் ஒவ்வொரு ரிக் முதலாளிக்கும் கைவந்த பாடம்: போக முடிகிற தூரம் வேறு, போய் நின்று வேலை செய்ய முடிகிற தூரம் வேறு.

அந்த இரண்டு தூரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை உணரவைக்கிற ஆட்டங்கள் மிகச்சில. நான் அறிந்தவற்றில் முதலிடம் கோட்ஃபோர்ஸ் உருவாக்கிய 'டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்' தொடருக்கு. முதல் ஆட்டம் 2010-இலும் இரண்டாவது 2022 மார்ச்சிலும் வந்தன. இதில் அரசாங்கம் நீங்கள், ஆனால் சரக்குக் கப்பல் உங்களுடையது அல்ல. தனியார் துறை என்று ஒன்று இருக்கிறது. அது தன் காசில் கப்பல் வாங்குகிறது, தன் லாபத்துக்காக ஓடுகிறது, உங்களுக்கு வரி கட்டுகிறது. நீங்கள் அதற்கு ஆணையிட முடியாது. ஏதாவது ஒரு சுரங்க நிலையத்தை நெருங்கிப் பார்த்தால் சரக்குக் கப்பல் ஒன்று வந்து நிற்பதும், கனிமம் ஏறுவதும், அது திரும்பி வெகுதூரத்திலுள்ள ஒரு துறைமுகத்தை நோக்கிக் கிளம்புவதும் தெரியும். அதை யாரும் அனுப்பவில்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் அந்தக் கனிமம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். அந்தக் கப்பலை எதிரி சுட்டால் உங்கள் கட்டுமானத் தளத்தில் பாதி கட்டிய போர்க்கப்பல் அப்படியே நிற்கும். எரிபொருள் நிலையம் இல்லாத பக்கமாகப் படையை அனுப்பிவிட்டால் அது போய்ச் சேரும், சண்டையும் போடும், திரும்ப வராது.

இந்த ஆட்டத்தில் மேற்பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் கப்பல்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் இதையே இந்த வகையின் உச்சமாகக் கருதுகிறேன். என் ஆணை இல்லாமலேயே நாடு இயங்குகிறது என்று காட்டும் துணிவு வேறு ஆட்டங்களுக்கு இல்லை. ஆட்டக்காரரை எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தே பழகிப்போன ஒரு கலையில் அது சிறிய விஷயமல்ல.

அமெரிக்காவின் பவோனிஸ் இன்டராக்டிவ் 2022 செப்டம்பரில் முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்ட 'டெர்ரா இன்விக்டா' வேறு திசையில் வந்து இதே இடத்தைத் தொடுகிறது. இதில் கற்பனை விண்மீன் மண்டலம் இல்லை, நம் சூரியக் குடும்பம்தான். வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள். அவர்களை எதிர்ப்பதா, பணிவதா, தப்பி ஓடுவதா என்று மனிதர்கள் ஏழு அணிகளாகப் பிரிகிறார்கள். பூமியிலிருந்து ஒரு டன்னைத் தூக்கி எறிவதற்கே எவ்வளவு விலை என்பதுதான் ஆட்டத்தின் முதல் பாதி. அந்தத் தூக்கும் திறன் தனி வளமாக எண்ணப்படுகிறது, எப்போதும் போதாது. அதனால் நிலவிலும் செவ்வாயிலும் சிறுகோள்களிலும் தண்ணீரும் உலோகமும் தேடிப் போக வேண்டும். தண்ணீர் கிடைத்த அன்று வரும் மகிழ்ச்சியை வேறெந்த ஆட்டத்தின் வெற்றியும் எனக்குக் கொடுத்ததில்லை. கொங்கு நாட்டில் போர் போட்டு ஆயிரம் அடிக்குக் கீழே ஈரம் கண்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே தூரம் கிலோமீட்டரில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது. சந்திரயான்-3 பயணத்தை உற்றுக் கவனித்தவர்களுக்கு இது பழகிய செய்தி. 2023 ஜூலை 14-ஆம் தேதி கிளம்பி ஆகஸ்ட் 23-இல் தரையிறங்கியது. 1969-இல் அப்போலோ 11 கிளம்பிய மூன்றாம் நாளே நிலவின் சுற்றுப்பாதையை அடைந்துவிட்டது. இரண்டும் போனது அதே நிலவுக்குத்தான். நம்மிடம் அவ்வளவு பெரிய ராக்கெட் இல்லை. அதனால் சந்திரயான் பூமியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்கு அருகே வரும்போது கொஞ்சம் எஞ்சினை இயக்கி, வட்டத்தை நீட்டி நீட்டி, கடைசியில் நிலவின் பிடிக்குள் போனது. கையிருப்புக் குறைவு என்பதைக் காலத்தைக் கொடுத்து ஈடுகட்டினார்கள். 'டெர்ரா இன்விக்டா'வில் சிறிய எஞ்சினோடு மாதக்கணக்கில் மிதந்து போகும் கப்பல் செய்வதும் இதுதான். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்து கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி.யிலும் படித்தவர் என்பதை எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அது நியாயமான பெருமை.

ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. நிலவின் மேட்டுநிலங்களில் உள்ள பாறை அனார்த்தோசைட் என்ற வகை. பூமியில் அது அபூர்வம். சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அது தரைக்கு மேலேயே கிடக்கிறது, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையோடு. சந்திரயான்-2 தரையிறங்கியையும் ஊர்தியையும் பூமியிலேயே சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் விலை அதிகம், தேவையோ பல பத்து டன். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் இந்தப் பாறையை அடையாளம் காட்டினார்கள். அதை வெட்டி, நொறுக்கி, வேண்டிய நுண்மைக்கு அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய 50 டன் போனது என்று செய்திகள் வந்தன. இந்த மண்ணைச் செய்யும் முறைக்கு 2020-இல் இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது. நிலவில் சக்கரம் உருளுவதற்கு முன்னால் அது உருண்டு பழகிய தரை எங்கள் ஊர்த் தரை. எந்த விண்வெளி ஆட்டத்திலும் 'சோதனைத் தளத்துக்கு மண் கொண்டுவா' என்று ஒரு பணி வந்து நான் பார்த்ததில்லை. ஆராய்ச்சிப் புள்ளிகள் சேர்ந்தால் தொழில்நுட்பம் திறந்துவிடும். மண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அயர்ன்கிளாட் உருவாக்கிய 'சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2' (ஸ்டீமில் 2024 ஆகஸ்ட்) பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2008-இல் வந்த முதல் பாகத்தில் கோள்கள் நின்ற இடத்தில் நின்றன. இதில் அவை நட்சத்திரத்தைச் சுற்றுகின்றன. நேற்று உங்கள் கோட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருந்த கோள் சுற்றிக்கொண்டே போய் எதிரியின் வாசலில் நிற்கும், பாதைகளும் மாறும். அருமையான யோசனை. இப்போதுள்ள பெரிய போர்க்காட்சி ஆட்டங்களில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஆனாலும் படைக்குப் பசி இல்லை. நகரும் பாதை பசியுள்ள படையோடு சேர்ந்திருந்தால் அது எப்படிப்பட்ட ஆட்டமாகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொள்கிறது.

அதனால்தான் 'ஃபாலிங் ஃபிரான்டியர்' மீது இவ்வளவு ஆசை வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் டாட் டார்சி என்பவர் பெரும்பாலும் தனியாளாக உருவாக்குவது, வெளியிடுவது ஹூடட் ஹார்ஸ். சில ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. வேவு, உளவு, சரக்கு இந்த மூன்றும்தான் ஆட்டத்தின் தூண்கள் என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள். சண்டையில் செத்த கப்பல் மறைந்துவிடாமல் மிதந்துகொண்டிருக்கும். எதிரியின் படையை நேருக்கு நேர் மோதாமல் அதன் விநியோகத்தை அறுத்தே முடக்கலாம். காட்டிய காட்சிகளில் எனக்குப் பிடித்தது போர்க்கப்பல் அல்ல, நிலையத்தில் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிகள். இந்த வகையில் சரக்கை விளம்பரத்தின் முன்வரிசையில் வைத்த ஆட்டம் அபூர்வம். தாமதம் எனக்கு வருத்தம்தான், ஆனால் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு நாட்டின் விநியோகத்தையே எழுதிக்கொண்டிருக்கும்போது அவசரப்படுத்த மனம் வரவில்லை.

2025-இல் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆட்டங்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரை வைத்து கேம்எக்சைட் செய்து டேடாலிக் வெளியிடுவது. மற்றது, 'கிரையிங் சன்ஸ்' செய்த ஆல்ட் ஷிப்ட் நிறுவனத்தின் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா: ஸ்கேட்டர்டு ஹோப்ஸ்'. இரண்டிலும் பேரரசு கிடையாது. வாயேஜர் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டுகள் தள்ளிப்போய்விட்ட ஒற்றைக் கப்பல். கேலக்டிகா துரத்தப்படும் கப்பல் கூட்டத்துக்குக் காவல் நிற்பது, கூட்டத்தில் ஏறக்குறைய 50,000 உயிர். விநியோகப் பாதையே இல்லாதவர்களின் கதைகள் இவை. 2012-இல் வந்த 'எஃப்டிஎல்' இதை மிகச் சிறிய அளவில் அற்புதமாகச் செய்து காட்டியது. ஒரு தாவலுக்கு ஓர் அலகு எரிபொருள். தீர்ந்தால் நடுவெளியில் விளக்கைப் போட்டுக்கொண்டு யாராவது வருவார்களா என்று காத்திருக்க வேண்டும்.

இரண்டில் எதற்குப் போவது என்று கேட்டால் வாயேஜருக்கு என்பேன், அதற்கு ஒரு பழைய கணக்கு காரணம். 1995-இல் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்திலேயே, கப்பலில் 38 டார்பிடோக்கள்தான் உள்ளன, தீர்ந்தால் மாற்று இல்லை என்று ஒரு வசனம் வரும். உணவுக்கும் ரேஷன் போட்டார்கள். ஏழு பருவம் முடிவதற்குள் அதைவிட மிக அதிகமான டார்பிடோக்களைச் சுட்டுத் தீர்த்திருந்தார்கள், கப்பலும் ஒவ்வொரு வாரமும் புதுசாகவே வந்து நின்றது. எழுத்தாளர்கள் தாங்களே போட்ட கணக்கை மறந்துவிட்டார்கள். ஆட்டத்தில் அப்படி மறக்க முடியாது. கணினி ஒவ்வொரு டார்பிடோவையும் எண்ணிக்கொண்டிருக்கும். தொடர் சொல்லத் தொடங்கிக் கைவிட்ட கதையை ஓர் ஆட்டம் முடித்துவைக்க வாய்ப்பு இருக்கிறது. கேலக்டிகா தொடர் அந்தத் தவறைச் செய்யவில்லை. தண்ணீர்த் தொட்டி வெடித்ததற்கென்றே ஒரு முழு அத்தியாயம் எடுத்தார்கள். ஆட்டம் தொடரை மிஞ்சுவது அங்கே கடினம்.

இத்தனை ஆட்டங்களிலும் விடுபட்டுப்போகும் ஓர் ஆள் இருக்கிறார். சின்னவேடம்பட்டியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் ஒருநாள் ஒரு டிராயிங் வந்திருந்தது. அலுமினியக் கலவைக் கட்டி ஒன்று, உள்ளே குடைந்து மெல்லிய சுவர் மட்டும் விட வேண்டும். டிராயிங்கில் கம்பெனி பெயர் இல்லை, பாகத்தின் பெயரும் இல்லை, ஓர் எண் மட்டும். சிஎன்சி ஓடி முடித்ததும் கூலண்ட் சொட்டச்சொட்ட வெளியே எடுத்தார். துணியால் துடைத்தார். சுவரின் தடிப்பை மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் பார்த்தார். நான்காவது இடத்தில் திரும்ப ஒருமுறை பார்த்தார். அப்புறம் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு கட்டியை மாட்டச் சொன்னார். மைக்ரான் கணக்கில்தான் விலகியிருந்தது. "இது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. போற எடத்துல என்னையக் கூப்பிட முடியாதுல்லங்க" என்றார். பட்டறையிலிருந்து பட்டறைக்கு, அங்கிருந்து பெரிய நிறுவனத்துக்கு என்று டெலிவரி சலான் போட்டுக் கைமாறிப் போகும் பாகங்களில் எது பம்புக்கு, எது விமானத்துக்கு, எது ராக்கெட்டுக்கு என்று செய்தவருக்குத் தெரிவதில்லை. கோவையில் எல்.எம்.டபிள்யூவின் உயர்தொழில்நுட்ப மையம் போன்ற பெரிய இடங்கள் விண்வெளித் துறைக்குச் செய்துகொடுப்பது வெளியில் தெரியும். அதற்குக் கீழே உள்ள அடுக்குகள் தெரியாது. ஆட்டங்களில் 'கட்டு' என்ற பொத்தானை அழுத்தினால் கப்பல் வளர்கிறதே, அந்தப் பொத்தானுக்கு அடியில் இந்த மனிதர்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்த மனிதருக்கு ஓர் ஆட்டம் வேண்டும், அதை இங்கிருந்து செய்ய முடியும் என்று நம்புகிறேன். பெரிய முதலீடு வேண்டும் என்பதில்லை. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை மட்டும் வைத்துச் செய்தது, 2024-இல் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. சிறிய குழு, தெரிந்த உலகம், போதுமானதாக இருந்தது. சரவணம்பட்டியைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் நிரல் எழுதும் பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகம் சரக்கு.

அடிப்படை விதிகளை வெளியில் தேடவும் வேண்டாம். சதுரங்கத்திலும் ஆடு புலி ஆட்டத்திலும் காய்க்குப் பசியில்லை, கணினி வியூக ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பரம்பரையில் வந்தவை. பல்லாங்குழி அப்படியல்ல. அதில் படை கிடையாது. ஏழேழாக இரண்டு வரிசைக் குழிகள், புளியங்கொட்டையோ சோழியோ கையிருப்பு. ஒரு குழியை அள்ளினால் அடுத்தடுத்த குழிகளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எதிராளியின் குழிக்கும் போட வேண்டும், அதை மறுக்க முடியாது. கையிருப்பு எங்கே தீர்கிறது, எந்தக் குழி காலியாக நிற்கிறது என்பதில்தான் வெற்றி தோல்வி. ஒரு சுற்று முடிந்து எண்ணிப் பார்த்து எல்லாக் குழியையும் நிரப்ப முடியாதவர், நிரப்ப முடியாத குழிகளை மூடிவிட்டு மிச்சக் குழிகளோடு அடுத்த சுற்றை ஆட வேண்டும். முழுக்க முழுக்க விநியோகத்தாலேயே ஆன வியூக ஆட்டம் இது. குழிகளைக் கோள்களாக்கி, கோள்களை 'சின்ஸ் 2' போலச் சுற்றவிட்டு, ஒவ்வொரு கொட்டைக்கும் எடையும் அதைக் கொண்டுபோக எரிபொருளும் வைத்தால் எந்த நாட்டு ஆட்டத்துக்கும் கடன்படாத ஒன்று கிடைக்கும்.

அதைச் செய்ய உட்காருபவர்கள் முதலில் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறட்டும். பழைய ரிக் முதலாளி யாரிடமாவது டிரிப் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். எந்த ஊரில் எத்தனை லிட்டர் டீசல், என்ன விலை, எத்தனை அடி, எத்தனை ராடு உள்ளே போய் எத்தனை வெளியே வந்தது, ஏஜெண்ட் கமிஷன், சாப்பாட்டுச் செலவு, வண்டி நின்ற நாள், நின்ற காரணம், அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது பேரலில் மிச்சம் எவ்வளவு என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். புரியாத பத்திகளை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம், மணிக்கணக்கில் சொல்வார்கள்.